தேர்வு சொன்னதும் பட்டியல் செய்ததும்: சிகாகோ அரசுப் பள்ளிகளில் உயர்கல்வித் தயாரிப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

2006ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு வெளியிட்ட ஓர் அறிக்கை அந்நகரை உலுக்கியது. சிகாகோ அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் நூறு பேரில், இருபதுகளின் நடுவயதுக்குள் நான்காண்டுப் பட்டம் பெறுபவர்கள் ஆறு பேர் மட்டுமே என்று அது கணக்கிட்டிருந்தது. பின்னர் கணக்கு திருத்தப்பட்டு, எட்டுப் பேர் என்றானது. எட்டானாலும் நிலைமை ஒன்றுதான். அப்பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைக் கேட்டபோது, ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் தங்களுக்குப் பட்டப்படிப்பு வேண்டும் என்றே சொல்லியிருந்தார்கள். ஆகவே ஆசை இல்லாததால் படிக்கவில்லை என்ற எளிய விளக்கம் இங்கே செல்லாது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அறிக்கை வெளிவந்த காலத்தில் அப்பள்ளிகளில் தேர்வுகளுக்குப் பஞ்சமே இல்லை. மாணவர் கல்லூரிக்குத் தயாராக இருக்கிறாரா என்று அளப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட தேர்வுகள் வரிசையாக நடந்தன. ஒரு மாணவர் எங்கே நிற்கிறார் என்பது அவருடைய பதினான்காம் வயதிலேயே பள்ளிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஏன் ஒன்றும் மாறவில்லை, பிறகு ஓரளவு மாறியது எதனால் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

மூன்று படிகள்

2000களில் சிகாகோ அரசுப் பள்ளிகளில் சுமார் 4 லட்சம் மாணவர்கள் படித்தார்கள். பெரும்பான்மையோர் கறுப்பின, லத்தீனோ குடும்பங்களின் பிள்ளைகள். வருமானம் குறைந்த குடும்பங்களே மிகுதி. அமெரிக்க முறைப்படி உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிகிறது. பொதுத் தேர்வு ஒன்றில் மொத்தமாகத் தேறுவது என்ற வழக்கம் அங்கே இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு பருவத்திலும் தேறி, தேர்ச்சிக்கான அலகாகிய கிரெடிட் சேர்க்க வேண்டும். சிகாகோவில் பள்ளியை முடிப்பதற்கு 24 கிரெடிட் தேவை. ஒன்பதாம் வகுப்பில் தவறவிட்ட கிரெடிட்டைப் பிற்பாடு கோடை வகுப்பிலோ மாலை வகுப்பிலோ ஈட்டிக் கொள்ளலாம் என்பது விதி. ஈட்டியவர்கள் குறைவு என்பது நடைமுறை.

இதன் மேல் ஏசிடி நிறுவனத்தின் தேர்வு வரிசை அமைந்தது. 1959இல் அயோவாவில் தொடங்கப்பட்ட ஏசிடி, கல்லூரிகள் சேர்க்கைக்கு ஏற்றுக்கொள்ளும் தேர்வு. அக்காலத்தில் ஆங்கிலம், கணிதம், வாசிப்பு, அறிவியல் ஆகிய நான்கு பகுதிகளின் சராசரியே மொத்தப் புள்ளியாக இருந்தது, உச்சம் 36. அதற்கு முன்னோட்டமாக எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு 25 புள்ளி அளவிலான எக்ஸ்ப்ளோர் தேர்வும், பத்தாம் வகுப்புக்கு 32 புள்ளி அளவிலான பிளான் தேர்வும் இருந்தன. மூன்றும் ஒரே அளவுகோலில் அமைந்தவை என்பதால், எக்ஸ்ப்ளோரில் 14 வாங்கிய மாணவர் பதினோராம் வகுப்பில் ஏசிடியில் எங்கே வந்து நிற்பார் என்பதைப் பள்ளி ஏறக்குறைய முன்கூட்டியே கணித்துவிட முடியும். முன்னோட்டத் தேர்வுகளோடு தொழில் ஆர்வம் பற்றிய வினாப்பட்டியலும் சேர்ந்தே வந்தது. மனிதர்களோடு பழகும் வேலையா, பொருள்களோடு பழகும் வேலையா, தரவுகளா, கருத்துகளா என்று பிரித்து, பொருத்தமான தொழில் துறைகளை அது வரைபடமாகக் காட்டும்.

2001 முதல், சிகாகோ அமைந்துள்ள இல்லினாய் மாநிலம், அதே ஆண்டில் கொலராடோவைப் போலவே, பதினோராம் வகுப்பு மாணவர் அனைவரும் ஏசிடி எழுதுவதைக் கட்டாயமாக்கியது. மாநிலத் தேர்வு இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் ஏசிடி. இரண்டாம் நாள் தேர்வில், வேலையிடத்துக்குத் தேவையான கணக்கையும் வாசிப்பையும் சோதிக்கும் ஒர்க்கீஸ் என்ற பகுதி இருந்தது. கல்லூரிக்கும் வேலைக்கும் சேர்த்தே தயார்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ள அரசிடம் எல்லாக் கருவிகளும் இருந்தன.

கட்டாயத் தேர்வில் உண்மையான நன்மை ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. பக்கத்து மாநிலமான மிச்சிகன் 2007இல் இதே ஏற்பாட்டுக்கு வந்தபோது, அதன் விளைவை ஜோஷுவா ஹைமன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். விருப்பப்பட்டவர் மட்டும் தேர்வெழுதிய காலத்தில், கல்லூரிக்குத் தயார் என்ற நிலையை எட்டிய ஏழை மாணவர் ஒவ்வொரு பத்துப் பேருக்கும், தேர்வை எழுதியிருந்தால் அந்நிலையை எட்டியிருக்கக்கூடிய இன்னும் ஐந்து பேர் எழுதாமலே இருந்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியவந்தது. திறமை இருந்தும் யார் கண்ணிலும் படாமல் போனவர்களைத் தேர்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆயினும் நான்காண்டுக் கல்லூரிச் சேர்க்கையில் ஏற்பட்ட உயர்வு மொத்தத்தில் ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவுதான். கண்டுபிடித்துச் சொல்வதோடு தேர்வின் வேலை முடிந்துவிடுகிறது. சொன்னதைக் கேட்டு அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டியது வேறு யாரோ.

பதினோராம் வகுப்பின் பதற்றம்

சிகாகோவில் அந்த அடுத்த அடி தவறான இடத்தில் விழுந்தது. ஏசிடி நிறுவனம் அக்காலத்தில் வகுத்திருந்த கல்லூரித் தகுதி அளவு ஆங்கிலத்தில் 18, கணிதத்தில் 22, வாசிப்பில் 21, அறிவியலில் 24. சிகாகோ மாணவர்களின் சராசரியோ 17ஐ ஒட்டியே இருந்தது. மாணவர்களில் பலர் இருபதுக்கு மேல் எடுக்கவேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு புள்ளி உயர்வதே இந்த அளவுகோலில் வழக்கம் என்பதால், ஒன்பதாம் வகுப்பில் 13இலோ 14இலோ இருந்தவர் அந்த இலக்கை எட்டுவதற்கு வழியே இருக்கவில்லை. இதை எண்களோடு பழகிய எவரும் சொல்லியிருப்பார். மாணவரிடமோ பெற்றோரிடமோ யாரும் இப்படி எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

அதற்குப் பதிலாகப் பள்ளிகள் செய்தது பயிற்சி. 2008இல் அதே ஆய்வுக் கூட்டமைப்பின் எலெய்ன் ஆலன்ஸ்வர்த்தும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட அறிக்கையின்படி, பதினோராம் வகுப்பின் முக்கியப் பாட வகுப்புகளில் ஏறத்தாழ ஒரு மாத காலப் பாட நேரம் ஏசிடி மாதிரி வினாக்களுக்கே செலவானது. பலன் என்னவென்று பார்த்தால், வகுப்பு நேரத்தில் 40 சதவீதத்தைத் தேர்வுப் பயிற்சிக்குக் கொடுத்ததாக ஆசிரியர்கள் சொன்ன பள்ளிகளின் சராசரிப் புள்ளி, 20 சதவீதத்துக்கும் குறைவாகக் கொடுத்த பள்ளிகளைவிடச் சற்றே தாழ்ந்திருந்தது. பிளானுக்கும் ஏசிடிக்கும் இடையில் நன்றாக உயர்ந்தவர்கள், தம் வழக்கமான பாடங்களில் ஏ, பி தரம் வாங்கியவர்கள். அதாவது கட்டுரை எழுதிப் பழகியவர்கள், இயற்கணிதக் கணக்கைப் படிப்படியாகப் போட்டவர்கள், ஆய்வகத்தில் அளந்து பார்த்தவர்கள். பாடத்தை ஒதுக்கிவிட்டு வினாத்தாளைப் பயின்றவர்களுக்கு வினாத்தாளும் கைகூடவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஆசிரியர்களின் அக்கறைக் குறைவு இதற்குக் காரணம் அல்ல என்பது. மாநிலம் பள்ளிகளை மதிப்பிட்டதே பதினோராம் வகுப்புத் தேர்வை வைத்துத்தான். எந்த வகுப்பில் அளக்கிறார்களோ அந்த வகுப்பில் கவனம் குவிவது இயல்பு. எக்ஸ்ப்ளோர் வகுத்த முன்னெச்சரிக்கை ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரின் மேசைக்கு வந்தது. அதை வைத்து அவர் செய்யவேண்டியது இன்னது என்று எந்த ஏற்பாடும் சொல்லவில்லை. தொழில் ஆர்வ வரைபடத்தின் கதியும் இதேதான். பதினான்கு வயதுப் பிள்ளை நிரப்பிய படிவத்திலிருந்து ஒரு பாடத் தேர்வுக்கோ ஒரு தொழிற்பட்டறைக்கோ போகும் பாதையைப் பள்ளி அமைத்துத் தராதவரை, அது கோப்பில் கிடக்கும் மற்றொரு தாள்தான்.

ஒன்பதாம் வகுப்பு என்ற மடை

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. வந்தபோது அதற்குக் கல்லூரித் தயாரிப்பு என்ற பெயர்கூட இல்லை. 2005இல் ஆலன்ஸ்வர்த்தும் ஜான் ஈஸ்டனும் மிக எளிய ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பின் முடிவில் ஒரு மாணவர் குறைந்தது ஐந்து முழுக் கிரெடிட் பெற்றிருக்க வேண்டும். முக்கியப் பாடங்களில் ஒரு பருவத்துக்கு மேல் தோற்றிருக்கக் கூடாது. இவ்விரண்டும் சரியாக இருந்தால் அவர் தடத்தில் இருக்கிறார், இல்லையென்றால் தடம் விலகிவிட்டார். தடத்தில் இருந்தவர்களில் 81 சதவீதம் பேர் நான்காண்டில் பள்ளியை முடித்தார்கள்; விலகியவர்களில் 22 சதவீதம் பேர் மட்டுமே.

இந்த இடைவெளி, திறமையுள்ளவர் தேறுகிறார், இல்லாதவர் தோற்கிறார் என்ற பழைய கதையின் மறுபதிப்பா என்ற கேள்வி நியாயமாகவே எழும். எட்டாம் வகுப்புத் தேர்வுப் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது விடை வேறாக இருந்தது. அத்தேர்வில் கடைசிக் கால்பகுதியில் இருந்தும் ஒன்பதாம் வகுப்பில் தடம் விலகாதவர்களில் 68 சதவீதம் பேர் பள்ளியை முடித்தார்கள். முதல் கால்பகுதியில் இருந்தும் தடம் விலகியவர்களில் 37 சதவீதம் பேரே முடித்தார்கள். 2007இல் வந்த அடுத்த அறிக்கை இன்னும் ஒரு படி உள்ளே போனது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவர் பாடங்களில் தோற்பாரா என்பதைக் கணிப்பதில், எட்டாம் வகுப்புத் தேர்வுப் புள்ளியைவிட அவருடைய வகுப்பு வருகை எட்டு மடங்கு வலுவான அடையாளமாக இருந்தது.

வருகை. பல கோடி டாலர் செலவில் நடத்தப்படும் தேர்வுகளைவிட, ஒவ்வொரு நாளும் ஆசிரியர் எடுக்கும் வருகைப் பதிவு அதிகம் சொல்லியிருக்கிறது.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்க ஒன்பதாம் வகுப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்புவரை சிறிய பள்ளி, பழகிய ஆசிரியர்கள். ஒன்பதில் ஆயிரக்கணக்கானோர் படிக்கும் புதிய கட்டடம். மணிக்கொரு அறை, அறைக்கொரு ஆசிரியர். ஒரு வகுப்பைத் தவறவிட்டால் அன்றே கேட்பதற்கு ஆள் இல்லை. வீட்டுப்பாடம் இரண்டு விடுபடுகிறது, தேர்வு ஒன்று கைநழுவுகிறது, பருவ முடிவில் அட்டையில் தோல்வி வந்து விழுகிறது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் தன் பாடத்தில் அந்தப் பிள்ளை தோற்றது தெரியும். நான்கு பாடங்களில் ஒரே பிள்ளை தோற்றிருப்பது யாருக்கும் தெரியாது.

பள்ளி நிர்வாகம் இந்த அளவுகோலைத் தன் மதிப்பீட்டு முறையில் சேர்த்திருந்தது. 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதோடு நிற்காமல், பள்ளிகளுக்குப் பெயர்வாரியான பட்டியல்களை அனுப்பத் தொடங்கியது. புதிதாகச் சேரும் மாணவர்களில் எட்டாம் வகுப்பில் வருகை குறைந்தவர்கள் யார், இந்தப் பருவத்தின் நடுவில் எந்தப் பாடத்தில் யார் தடுமாறுகிறார், பருவம் முடிந்தபின் யாருக்குக் கிரெடிட் மீட்பு வேண்டும் என்று அவை காட்டின. பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் குழுவாகக் கூடி அந்தப் பெயர்களைப் பேசினார்கள். ஒரு பள்ளியில் வீட்டுக்குத் தொலைபேசி, இன்னொன்றில் மதிய இடைவேளையில் கூடுதல் உதவி, வேறொன்றில் விடுபட்ட பாடவேலையை முடிக்கத் தனி நேரம். எல்லாப் பள்ளிக்கும் பொதுவான பாடத்திட்டமோ புதிய தேர்வோ இதில் இல்லை. கையில் பெயர் இருந்தது, அப்பெயருக்கு ஒருவர் பொறுப்பேற்றார். இதைச் சாதனை என்று விழா எடுக்க முடியாது; ஆயினும் தடத்தில் இருந்தோரின் விகிதம் 2007இல் 57 சதவீதமாக இருந்தது 2013இல் 82 சதவீதமானது.

ஐயம் எழாமல் இல்லை. அளவுகோலே இலக்காகும்போது ஆசிரியர்கள் தோல்வியைத் தேர்ச்சியாகத் திருத்தியிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். மெலிசா ராடரிக்கும் குழுவினரும் 2014இல் இதை ஆராய்ந்து, முதலில் உயர்வு கண்ட பள்ளிகளில் சில ஆண்டுகள் கழித்துப் பள்ளியை முடித்தோர் விகிதமும் உயர்ந்தது என்றும், பதினோராம் வகுப்புவரை வந்தவர்களின் எண்ணிக்கை கூடியும் ஏசிடி சராசரி சரியவில்லை என்றும் காட்டினார்கள். தேர்ச்சி வெறும் தாளில் தரப்பட்டிருந்தால் இவ்விரண்டும் நடந்திருக்காது. மறுபுறம், 2015இல் நிர்வாகம் தன் பள்ளி முடிப்பு விகிதங்களைக் கீழ்நோக்கித் திருத்த நேர்ந்தது. இடையில் நின்றவர்கள் சிலரை வேறிடத்துக்கு மாறியவர்களாகப் பள்ளிகள் பதிந்திருந்ததைப் பத்திரிகையாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். திருத்திய கணக்கிலும் ஏறுமுகம் மாறவில்லை என்றாலும், எண்ணுக்காக எண்ணை உயர்த்தும் ஆசை பட்டியல் முறைக்குள்ளும் புகக்கூடியதே என்பதற்கு இது சான்று.

கடைசி ஆண்டின் கசிவு

பள்ளியை முடிப்பது ஒன்று, கல்லூரி வாசலை மிதிப்பது மற்றொன்று. 2008இல் வந்த மற்றோர் ஆய்வு, நான்காண்டுப் பட்டத்தை விரும்பிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைப் பின்தொடர்ந்தது. அவர்களில் நூற்றுக்கு 72 பேர் அவ்வாண்டே நான்காண்டுக் கல்லூரியில் சேரத் திட்டமிட்டார்கள். 59 பேர் விண்ணப்பித்தார்கள். 51 பேருக்கு இடம் கிடைத்தது. 41 பேர் சேர்ந்தார்கள். இடம் மறுக்கப்பட்டதால் விலகியவர்களைவிட, விண்ணப்பிக்காமலும் இடம் கிடைத்தும் சேராமலும் விலகியவர்களே அதிகம் என்பதை இந்தப் படிவரிசையே சொல்லிவிடுகிறது. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் தம் தகுதிக்குக் குறைந்த கல்லூரிகளில் சேர்ந்தார்கள்; நல்ல மதிப்பெண் இருந்தும் வீட்டருகே உள்ள இரண்டாண்டுக் கல்லூரியோடு நின்றவர்கள் கணிசம்.

இந்தக் கசிவின் நடுவில் இருந்தது ஒரு படிவம்: ஃபாஃப்சா எனப்படும் மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பம். பெற்றோரின் வருமான வரி விவரம் அதற்கு வேண்டும். வரித்தாளே இல்லாத வீடு, குடியுரிமை அச்சமுள்ள வீடு, இந்தக் கேள்விகளை ஏன் கேட்கிறார்கள் என்று ஐயுறும் வீடு ஆகியவற்றில் அது நிரப்பப்படாமலே கிடக்கும். இடம் கிடைத்த மாணவர்களில், இந்தப் படிவத்தை முடித்தவர்கள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு முடிக்காதவர்களைவிட ஐம்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் பலித்த அதே வழியை நிர்வாகம் இங்கும் பின்பற்றியது. யார் படிவம் அனுப்பிவிட்டார், யாருடையது குறையோடு திரும்பியது என்று பெயர்வாரியாக ஆலோசகர்களுக்குத் தெரிவித்தது. பின்னாளில் இல்லினாய் மாநிலமே, 2020–21 கல்வியாண்டு முதல், இந்தப் படிவத்தை நிரப்புவதையோ விலக்குக் கோரிக் கையெழுத்திடுவதையோ பள்ளியை முடிப்பதற்கான நிபந்தனையாக்கியது.

திட்டம் நிபந்தனையானபோது

2017இல் மேயர் ராம் இமானுவேல் இன்னும் துணிந்த ஒன்றை அறிவித்தார். 2020இல் பள்ளியை முடிக்கும் மாணவர் முதல், பள்ளி முடிப்புச் சான்றிதழ் பெறவேண்டுமானால் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதற்கான சான்றைக் காட்ட வேண்டும். கல்லூரி அனுமதிக் கடிதம், வேலை உத்தரவு, தொழிற்பழகுநர் இடம், ராணுவச் சேர்க்கை, இடைவெளி ஆண்டுத் திட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும். கல்லூரி ஒன்றே வழி என்று கட்டாயப்படுத்தாமல், வேலையையும் தொழிற்பயிற்சியையும் சமமான திட்டங்களாக ஏற்றது இதன் சிறப்பு. ஒர்க்கீஸ் தேர்வும் ஆர்வ வரைபடமும் செய்ய முடியாததைக் கொள்கை அளவிலேனும் இது செய்ய முயன்றது.

ஆனால் இந்த விதியில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. சிகாகோவின் நகரக் கல்லூரிகள் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகள் அரசுப் பள்ளியை முடித்த எவருக்கும் இடம் தருபவை என்பதால், அங்கிருந்து வரும் ஒரு கடிதமே நிபந்தனையை நிறைவு செய்துவிடும். ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பல பள்ளிகளில் சுமை அதைவிடக் கூடுதல். நேரம் இல்லாத ஆலோசகரும் கடிதம் கேட்கும் விதியும் சந்திக்கும் இடத்தில், திட்டமிடல் என்பது திட்டத்துக்கான தாளைச் சேகரிப்பதாகச் சுருங்கிவிடக்கூடும். பயனுள்ள ஏற்பாடு என்றால் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் நிதி, பயணச் செலவு, முதல் பருவப் பாடத் தேர்வு ஆகியவை பற்றிய பேச்சு நடந்திருக்க வேண்டும். 2014இல் அறிவிக்கப்பட்ட ஸ்டார் உதவித்தொகை அவ்வகையில் ஒரு படி மேல், நான்குக்கு 3.0 என்ற மதிப்பெண் சராசரியோடு பள்ளியை முடித்தவருக்கு நகரக் கல்லூரிக் கட்டணத்தை அது நீக்கியது. கடிதத்தோடு பணமும் வந்தது.

அளவுகள் மாறின

தேர்வுகள் வந்தன, போயின. எக்ஸ்ப்ளோரும் பிளானும் 2014ஐ ஒட்டிக் கைவிடப்பட்டன. இல்லினாய் ஏசிடியை விட்டு 2017இல் சாட் என்ற மற்றொரு கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்கு மாறியது. 2025இல் மறுபடியும் ஏசிடிக்கே திரும்பியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பள்ளிகள் புதிய பயிற்சிப் புத்தகங்களை வாங்கின. இதற்கிடையே ஆலன்ஸ்வர்த்தும் கேல்லி கிளார்க்கும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ மாணவர் ஒருவர் கல்லூரியை முடிப்பாரா என்பதைக் கணிப்பதில் பள்ளிப் பாட மதிப்பெண் சராசரி ஏசிடி புள்ளியைவிட ஐந்து மடங்கு வலுவானது என்று தெரியவந்தது. நாலு ஆண்டு, நாற்பது ஆசிரியர்கள், எண்ணற்ற வீட்டுப்பாடங்கள் ஆகியவற்றின் தடயம் அந்தச் சராசரியில் இருப்பது இதற்குக் காரணமாகலாம்.

தொடக்கத்தில் சொன்ன எட்டுப் பேர், 2014ஆம் ஆண்டுக் கணக்கில் பதினான்கு பேரானார்கள். உயர்வு மெய்யானது, அதன் பெரும்பகுதி அதிகம் பேர் பள்ளியை முடித்ததாலும் அதிகம் பேர் கல்லூரியில் சேர்ந்ததாலும் வந்தது. கல்லூரியில் சேர்ந்தவர்கள் பட்டத்தோடு வெளிவரும் விகிதத்தில் அந்த அளவுக்கு அசைவு இல்லை. தட அளவுகோலின் எல்லை இங்கேதான் தெரிகிறது. தோற்காமல் தப்பித்த டி தரமும் அதற்குத் தேர்ச்சியே, ஏ தரமும் தேர்ச்சியே. பள்ளியை முடிக்க டி போதும். கல்லூரியில் தாக்குப்பிடிக்கப் போதாது. 2017இல் வந்த ஆய்வு ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் சராசரியே பதினோராம் வகுப்புச் சராசரியையும் பின்னால் கல்லூரிச் சேர்க்கையையும் காட்டிக்கொடுக்கிறது என்று நிறுவியபின், தோல்வியைத் தடுப்பதோடு நிற்காமல் பி தரத்தை எல்லையாக வைக்கவேண்டும் என்ற கருத்து வலுத்தது. சிக்கல் என்னவென்றால், எஃப் என்ற தோல்வித் தரம் வாங்கும் பிள்ளை யாரென்று பட்டியல் காட்டிவிடும், அவரை வகுப்புக்கு வரவைத்தாலே பாதி வேலை முடியும். நாள்தோறும் வந்து, அமைதியாக உட்கார்ந்து, சி வாங்கிக்கொண்டு போகும் பிள்ளையை எந்தப் பட்டியலும் அபாயத்தில் இருப்பவராகக் காட்டாது. அவருக்குத் தேவை தொலைபேசி அழைப்பு அல்ல, கடினமான பாடத்தை நன்றாக நடத்தும் வகுப்பறை. அந்த வேலைக்குச் சிகாகோவிலும் இன்னும் எளிய அளவுகோல் ஒன்று கண்டுபிடிக்கப்படவில்லை.